ஏழாவது தூண்

நாள் 88. காலை 8.15
காற்றழுத்தம் சரி. வெப்பம் சரி. மின்சாரம் சரி. வரைவு மென்பொருள் சரியில்லை.

இதைக் கண்டெடுப்பவர் யாராக இருந்தாலும், முதலில் அறிமுகம். என் பெயர் தில்லைநாயகம். வயது ஐம்பத்து மூன்று. கட்டடப் பொறியியலில் முதுகலை. தங்கப் பதக்கமும் உண்டு, அதைப் பற்றி இதுவரை யாரும் கேட்டதில்லை. நிலவின் தரைக்குக் கீழே, எரிமலைக் குழம்பு ஓடி வற்றிய ஒரு குகைக்குள், மனிதர் தங்க ஒரு கூடம் கட்டப்படுகிறது. அதன் வரைபடம் என் பொறுப்பு. இங்கே வேறு மனிதர் இல்லை. இந்தப் பதிவுக் கருவியை நிறுவனத்தின் வலையிலிருந்து நானே துண்டித்துவிட்டேன். என் எழுத்தை யாரும் திருத்த வேண்டாம்.

இங்கே படம்தான் கட்டடம். நான் திரையில் கோடு போட்டால், கூரைத் தண்டவாளத்தில் ஓடும், சாந்து பூசும் இயந்திரக் கை அதைக் கட்டிவிடும். அதற்கு நான் வைத்த பெயர் கொத்தனார். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு ஸ்கேனர் உருண்டை விளக்கைச் சுழற்றிக்கொண்டு கூடத்தைச் சுற்றி வரும். இருப்பதை அளந்து படத்தில் சேர்க்கும். அது சர்வேயர். அடுத்தடுத்து மூன்று சுற்றிலும் அசையாமல் நிற்கும் எதையும் அது கட்டுமானமாக எடுத்துக்கொள்ளும். முன்பெல்லாம் சேர்க்கலாமா என்று என்னைக் கேட்கும். அந்தக் கேள்வியை எடுத்துவிட்டார்கள். நேரம் வீணாகிறதாம். உத்தரவில் கையெழுத்து ஜெபராஜ், தலைமை வடிவமைப்பாளர். போன மாதம் நான் மறந்து வைத்த தேநீர்க் குடுவையைக் கொத்தனார் சுவரோடு சேர்த்துப் பூசிவிட்டது. புகார் எழுதினேன். பதில் இல்லை.

ஒன்பது நாளில் நான்கு பேர் இறங்குகிறார்கள். அவர்கள் வண்டியில் திரும்பிப் போக எரிபொருள் கிடையாது. தரை தொட்டபின் ஆறு மணி நேரத்துக்குத்தான் காற்று. அதற்குள் கூடத்தின் வாயில் திறக்க வேண்டும். கூரையைத் தாங்க வேண்டிய தூண்கள் இருக்கின்றன என்று படம் சொன்னால்தான் அது திறக்கும். நான் வரைந்த வாயிலில் ஒரு கைத் திறப்பு இருந்தது. செலவு என்று அடித்துவிட்டார்கள். அதிலும் அதே கையெழுத்து.

நால்வரில் ஒருவன் ஜெபராஜ். திறப்பு விழாவுக்கு வருகிறான்.

மென்பொருளுக்குத் தலைமையகம் போன வாரம் ஒரு மேம்பாடு அனுப்பியது. அதிலிருந்து தொல்லை. இன்று இரண்டு முறை உறைந்தது, ஒவ்வொரு முறையும் அரை மணி. உறைந்தால் நான் எதையும் தொடுவதில்லை. அம்பத்தூரில் முதல் வேலையில் கற்ற பழக்கம். படம் தொங்கினால் கையை எடுத்து மடியில் வை. நீ தட்டும் ஒவ்வொரு தட்டும் வரிசையில் போய் நிற்கும், வரிசை நீண்டால் கோப்பு செத்துப்போகும். பத்து வரைவாளர்கள் பத்துத் திரைக்கு முன்னால் ஃபோட்டோ பிடிக்க உட்கார்ந்தவர்கள் மாதிரி இருப்போம். பக்கத்து இருக்கையில் ஜெபராஜ். அவன் மட்டும் பொறுக்காமல் தட்டுவான். அவன் கோப்புகள் செத்தன. என் கோப்புகளை வாங்கிக்கொண்டு போனான்.

நாள் 90. முற்பகல் 11.40
கோப்பின் அளவு இரண்டு நாளில் இரு மடங்கு. நான் போட்ட கோடுகள் ஒரு தாளுக்கு வராது.

செய்தவை: பயன்படாத உருப்படிகளை நீக்கினேன். தேவையற்ற அடுக்குகளை அணைத்தேன். நிரப்புக் கோடுகளை மறைத்தேன். பழுதுபார்க்கும் கட்டளையை ஓட்டினேன், பிழை இல்லை என்றது. பிழை இல்லை என்று சொல்லிவிட்டு நாற்பது நிமிடம் உறைந்தது.

பூமியில் மென்பொருள் உதவிக்கு மெகருன்னிசா என்றொரு பெண். உரையாடலைப் பதிகிறேன்.

"சார், ஒருக்கா அணைச்சுப் போட்டுப் பார்த்தீங்களா?"

"அணைச்சா கூடத்துக் காத்தும் சேர்ந்து அணைஞ்சிரும்மா."

"அப்ப வேண்டாம், நீங்க இருக்கணும். கோப்பை எனக்கு அனுப்புங்க, பிரிச்சுப் பார்க்கிறேன். இப்ப அனுப்புனா நாளைக்கு வந்து சேர்ந்துரும்."

"அனுப்புறதுக்கில்லை."

"ஏன் சார்?"

"என் படம் என்கிட்டயே இருக்கட்டும்."

"நான் என்ன அதைக் கல்யாணமா பண்ணிக்கப் போறேன்? பார்த்துட்டுத் திருப்பிக் கொடுத்துருவேன் சார்."

தொடர்பைத் துண்டித்தேன். நல்ல பெண்தான். ஆனால் அவள் மேசைக்கு வரும் கோப்பு எந்த மேசைக்குப் போகும் என்று எனக்குத் தெரியும். இருபத்திரண்டு வருடத்துக்கு முன் ஒரு பாலத்தின் படத்தை நம்பி அனுப்பினேன். ஒப்புதலாகித் திரும்பி வந்தபோது வலது மூலைப் பெட்டியில் 'வடிவமைப்பு: ஜெபராஜ்' என்றிருந்தது. 'வரைந்தவர்' என்ற இடத்தில்கூட என் பெயர் இல்லை. அங்கே ஒரு கோடு போட்டிருந்தார்கள். இந்தக் கூடத்தின் மூலைப் பெட்டியில் யார் பெயர் இருக்கிறது என்பதை அவன் இங்கே வந்து என் திரையில் பார்க்கட்டும்.

நாள் 92. பிற்பகல் 3.05
உறைந்த நேரம் இன்று மட்டும் ஐந்து மணி. வேலை செய்த நேரம் ஒன்றரை மணி.

மேசைக்கு மேலே, கூரையில், ஒரு சாந்துக் கட்டி தொங்குகிறது. என் தலைக்கு நேராக, பால்மடி அளவுக்கு. நான் வரையவில்லை. மின்வடப் பிரிவு ஏதோ பெட்டிக்காகப் போன வார மேம்பாட்டோடு சேர்த்து அனுப்பியிருப்பார்கள். என்னைக் கேட்காமல் சேர்ப்பது இங்கே புதிதல்ல. படத்தில் என்னவென்று பார்க்கப் போனால் கூரை அடுக்கைத் திறக்கவே முக்கால் மணி ஆகும். விட்டுவிட்டேன்.

கால் வீங்குகிறது. உறையும்போது எழுந்து நடக்கலாம்தான். ஆனால் திரை எப்போது விடும் என்று தெரியாது, விட்ட நொடியில் சேமிக்காவிட்டால் அடுத்த உறைவில் எல்லாம் போகும். அதனால் உட்கார்ந்தே இருக்கிறேன். கை மடியில். கழுத்து கொஞ்சம் முன்னால். முதல் வேலையிலிருந்து இந்த உடம்புக்கு உட்காரத் தெரிந்த ஒரே விதம்.

நாள் 94. காலை 10.30
கண்டுபிடித்தேன்.

பழைய முறைதான். படத்தை நகலெடுத்து, நகலில் பாதியை அழித்துப் பார்க்க வேண்டும். வேகம் வந்தால் பாரம் அழித்த பாதியில் இருக்கிறது. வராவிட்டால் மிச்சத்தில். பாதியில் பாதி, அதில் பாதி என்று போனேன். ஒரு முழு நாள் ஆனது. கடைசியில் 'தூண்கள்' அடுக்கில் ஒரே ஓர் உருப்படி மிஞ்சியது. மொத்தக் கோப்பின் எடையில் ஏறக்குறைய எல்லாம் அதற்குள்தான்.

பெயர்: தூண் 7.

இந்தக் கூடத்தில் ஆறு தூண்கள்தான். நான்தான் வரைந்தேன்.

பெரிதாக்கிப் பார்த்தேன். திரை கீழிருந்து மெல்ல நிரம்பியது. முதலில் செருப்பு. பிறகு முழங்கால். மடியில் இரண்டு கை. சட்டைப் பையில் பேனா, அதன் கொக்கிகூடத் தெளிவாக. கழுத்து கொஞ்சம் முன்னால். கடைசியில் முகம்.

நேரான சுவருக்கு ஆறு பரப்பு போதும். என் காது மடலுக்கு மட்டும் சர்வேயர் பல்லாயிரம் முக்கோணம் போட்டிருக்கிறது. அதுவும் ஒரு முறை அல்ல. நான் அசையாமல் காத்திருந்த ஒவ்வொரு உறைவிலும் என்னைப் புதிதாக அளந்து, பழைய என் மேலேயே அடுக்கியிருக்கிறது. என் பாரத்தால் படம் உறைகிறது. உறைவதால் நான் உட்கார்கிறேன். உட்காருவதால் பாரம் கூடுகிறது.

அந்த முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐம்பத்து மூன்றில் அறுபது வயதுக்காரனின் முகம். யார் மேலோ கோபமாக இருந்தது.

தலைக்கு மேலே கூரையிலிருந்து ஒரு கூம்பு இறங்குகிறது. மின்வடப் பெட்டி அல்ல. தூண் என்றால் கூரையைத் தொட வேண்டும். தொடாத தூணைத் தொடும்வரை நீட்டுவது மென்பொருளின் வேலை. கொத்தனார் மேலிருந்து நீட்டிக்கொண்டிருக்கிறது.

நாள் 95. காலை 7.50
நாற்காலியை விட்டுத் தள்ளிப் படுக்கையறையில் இருந்து எழுதுகிறேன். இங்கே சர்வேயர் வராது.

ஆறாவது தூண் இல்லை. நாற்காலிக்குப் பின்னால் நின்ற நடுத்தூண். ஏழாவது வந்தபின் ஆறாவது மிகை என்று மென்பொருள் கணக்குப் போட்டிருக்கிறது. நான் தூங்கும்போது கொத்தனார் அதை அரைத்துப் பொடியாக்கி, என் தலைக்கு மேல் தொங்கும் கூம்புக்குச் சாந்தாக்கிவிட்டது. பொருள் சிக்கனம். அதுவும் யார் போட்ட விதி என்று எழுத வேண்டியதில்லை.

கூரை உடனே விழாது. இங்கே எடை ஆறில் ஒரு பங்கு. நான் வரைந்த கூரை, சில வாரம் தாங்கும். பிரச்சினை கூரை அல்ல, வாயில். படத்தைப் பொறுத்தவரை ஏழாவது தூண் இருக்கும்வரைதான் வாயில் திறக்கும். நான் நாற்காலியை விட்டு எழுந்ததும் 'தூண் 7 காணவில்லை' என்று வாயில் விளக்கு சிவப்பாகிவிட்டது.

மெகருன்னிசாவை அழைத்தேன்.

"சார், இப்பவாவது கோப்பை அனுப்புங்க. பூட்டும் அதுக்குள்ளதான் இருக்கு. இங்கேருந்து தூணை எடுத்துட்டு வாயில் பூட்டையும் விலக்கிரலாம்."

"இப்ப அளவைப் பாரும்மா."

அவள் விசைகளைத் தட்டிக் கணக்குப் போடும் சத்தம் கேட்டது.

"இது வந்து சேர பதினோரு நாள் ஆகும் சார்."

"தெரியும்."

"அன்னைக்கே அனுப்பியிருந்தீங்கன்னா..." பிறகு அவளே, "சரி, அதை விடுங்க. இறங்கற வண்டியில ஜெபராஜ் சார் இருக்காங்க. இணைக்கட்டுமா?"

நான் பதில் சொல்வதற்குள் இணைத்துவிட்டாள்.

"ஏலே தில்லை. உன் குரலைக் கேட்டு எத்தனை வருசமாச்சு."

"சொல்லுங்க சார்."

"சாரா? என்னலே சாரு. கூடம் எப்படி இருக்கு? பெருசா வரைஞ்சிருக்கியாமே."

நிலைமையைச் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை. "நாங்க இறங்காம இருக்க முடியாதுலே, சுத்துப்பாதையை விட்டாச்சு," என்றான். "நீ ஏன் முன்னமே கோப்பை அனுப்பலை?"

"ஒரு பாலத்தை அனுப்பிப் பார்த்தேன் சார். போதும்னு ஆயிருச்சு."

"எந்தப் பாலம்?"

நடிக்கவில்லை. அந்தக் குரலை எனக்குத் தெரியும். உண்மையிலேயே அவனுக்கு நினைவில்லை.

நாள் 96. மாலை 6.20
முயற்சி ஒன்று. தூண் 7-ஐ அழிக்கக் கட்டளை கொடுத்தேன். இரண்டு மணி உறைவுக்குப் பின் பதில்: 'நீக்கினால் கூடம் பாதுகாப்பற்றது. வாயில் நிரந்தரமாகப் பூட்டப்படும். தொடரவா?' வேண்டாம் என்றேன். இதை மட்டும் கேட்கிறது.

முயற்சி இரண்டு. ஆறாவது தூணை மறுபடி வரைந்தேன். கட்டி முடிக்க நான்கு நாள் என்றது. ரத்து.

முயற்சி மூன்று. என் விண்வெளி உடையில் சாந்து மூட்டைகளைத் திணித்து, சட்டை மாட்டி, பையில் பேனா செருகி நாற்காலியில் உட்கார வைத்தேன். சர்வேயர் முகத்தருகே நின்று பார்த்தது. 'தூண் 7: சேதம்.' விளக்கு சிவப்பு.

முயற்சி நான்கு. நானே உட்கார்ந்தேன். கை மடியில். மூன்று சுற்று. 'தூண் 7: உள்ளது. கூரையுடன் இணைப்பு முழுமையடையவில்லை.' விளக்கு மஞ்சள். தலைக்கு மேல் கொத்தனார் நகரும் சத்தம் கேட்டதும் எழுந்து வந்துவிட்டேன்.

ஆக, விளக்கு பச்சையாக வேண்டுமென்றால் கூம்பு என் தலையைத் தொட வேண்டும்.

நாள் 97. பிற்பகல் 2.10
வண்டி இறங்கிவிட்டது. நால்வரும் நலம். வாயில் சிவப்பு.

திட்டம் இது. நான் உட்காருவேன். இணைப்பு முடிந்ததும் வாயில் திறக்கும், அவர்கள் உள்ளே வருவார்கள். உள்ளே வந்தபின் வாயில் பூட்டிக்கொண்டாலும் கவலையில்லை, கூடத்தில் காற்று இருக்கிறது. அப்போது யாராவது திரையில் தூண் 7-ஐ அழித்தால் போதும். கொத்தனார் நின்றுவிடும். சாந்து முழுதாக இறுகுவதற்குள் என்னை உடைத்து எடுத்துவிடலாம். வண்டியில் வரும் மருத்துவர் ஃபிலோமினா மூச்சுக்குழாய் தயாராக வைத்திருக்கிறார்.

ஜெபராஜ் கடைசியாகக் கேட்டது: "தில்லை, உனக்கு இதுல இஷ்டம்தானா? மனசில்லைன்னா வேற வழி பாப்போம்."

"வேற வழி இல்லை சார்."

"பாலத்தைப் பத்தி யோசிச்சேன்லே. எனக்கு நெசமாவே..."

"உள்ளே வந்து பேசிக்கலாம்."

தியாகம் என்று யாரும் எழுதிவிட வேண்டாம். அவன் வாயிலுக்கு வெளியே மூச்சுத் திணறிச் செத்தால் நிறுவனம் அவனுக்குச் சிலை வைக்கும். அதை நான் பார்க்க விரும்பவில்லை. மற்ற மூவர் எனக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை.

உட்காரப் போகிறேன்.

நாள் 97. பிற்பகல் 4.25
கட்டைவிரலால் எழுதுகிறேன். கருவி மேசைக்கு அடியில், மடியில். கைகளுக்குள் கட்டைவிரல் அசைவது சர்வேயருக்குத் தெரியாது.

சாந்து வெதுவெதுப்பாக இருக்கிறது. எதிர்பார்க்கவில்லை. முதலில் உச்சி. பிறகு காது. தோள்.

விளக்கு பச்சை. வாயில் திறந்தது. நால்வரும் உள்ளே வந்துவிட்டார்கள்.

ஃபிலோமினா ஓடி வந்து மூக்கில் குழாய் பொருத்தினார். மற்ற இருவர் சுத்தியலோடு தோளில் ஆரம்பித்தார்கள். ஒரு சில்லு பெயர்ந்தது. கொத்தனார் உடனே திரும்பி வந்து அந்த இடத்தைப் பூசியது. இன்னொரு சில்லு. இன்னொரு பூச்சு. அதற்குச் சேதம் என்றால் சேதம், யார் செய்தாலும் சரி. அவர்கள் உடைப்பதைவிட அது பூசுவது வேகம்.

அழித்தால்தான் நிற்கும். "பக்கத்து இருக்கையில ரெண்டாவது திரை, தூண் 7, அழி" என்றேன் ஜெபராஜிடம். கேள்வி கேட்டால் 'தொடர்' என்று சொல்லச் சொன்னேன். பிறகு உறையும். "கையை எடு. தொடாதே. காத்திரு."

அதற்குப் பிறகு தாடை. கண் மட்டும் வெளியே.

நாள் 97. மாலை 5.20
அவன் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து கட்டளை கொடுத்தான். உறைந்தது.

அவன் விரல் பொத்தானை நோக்கிப் போனது. பாதியில் நின்றது. திரும்பி என்னைப் பார்த்தான். கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

மற்ற மூவரும் வெட்டும் கருவி தேடிக் கிடங்குக்குப் போயிருக்கிறார்கள். கூடத்தில் நாங்கள் இருவர். அவன் வலது பக்கம், நான் இடது பக்கம். அம்பத்தூரில் உட்கார்ந்த மாதிரியே.

5.31
சர்வேயர் சுற்றி வந்துபோனது. ஜெபராஜ் அசையவில்லை. தட்டவில்லை. இவனுக்கு இந்தப் பொறுமை எங்கிருந்து வந்தது. நான் சொன்னதை முதல்முறையாகக் கேட்கிறான்.

திரை விடவில்லை.

5.41
இரண்டாவது சுற்று. அவன் முகத்தருகே நின்று அளந்துவிட்டுப் போனது. அவன் கவனிக்கவில்லை. திரையை மட்டும் பார்க்கிறான். கழுத்து கொஞ்சம் முன்னால். கண்ணில் ஈரம், துடைக்கக்கூடக் கையை எடுக்கவில்லை.

மூன்று சுற்று. கேட்காமலே சேர்க்கும் விதிக்குக் கையெழுத்துப் போட்டவன் அவன்தான். நினைவில்லை.

அவனையும் சேர்த்தால் பாரம் இன்னும் கூடும். இந்தத் திரை பிறகு எப்போதும் விடாது.

கத்த வாயைத் திறக்க முடியவில்லை. கட்டைவிரலால் மேசையின் அடியைத் தட்டினேன். சாந்து சத்தத்தைத் தின்றுவிட்டது. இந்தக் கருவி வலையில் இருந்திருந்தால் அவன் திரையில் இது தெரிந்திருக்கும்.

ஒரு கணம், இருக்கட்டும் என்று நினைத்தேன். பக்கத்தில் ஒரு தூண். ஒரு கணம்தான்.

5.50
சர்வேயரின் விளக்கு இந்தப் பக்கம் திரும்பிவிட்டது

கொத்தனார் அவன் தலைக்கு மேலே வந்து நிற்கிறது

ஜெபா

திரும்பிப் பார்

கையை எடு தட்டு எதையாவது தட்டு

ஜெபா கொஞ்சம் அசை